ரெண்டு டச்சுக்கு மேல்

கோவில்பட்டிக்காரன் பந்தைக் கண்டால் கையில் மட்டையைத் தேடுவான். நானும் ஹாக்கி ஆடி வளர்ந்தவன்தான். பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று அதை என் தலையில் கட்டினார்கள். தெரிந்த ஹாக்கியையே காலுக்கு மாற்றிச் சொல்லிக்கொடுத்தேன். பந்து வந்தால் நிறுத்து, உடனே அடுத்தவளுக்குத் தள்ளிவிடு. ரெண்டு டச்சுக்கு மேல் வைத்திருந்தால் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும்.

புதூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி தினமும் ஓடினாள். ஆடு மேய்க்கிற வீடு. கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் காட்டில் அண்ணன்மாரோடு ஆடிப் பழகியவள். அங்கே பந்தைத் தள்ளிவிட்டால் வெடிப்பில் பட்டு எங்கேயாவது துள்ளிவிடும். அதனால் காலைவிட்டு ஒரு சாண் விலகவிடமாட்டாள். மூன்று பேர் சூழ்ந்தாலும் பந்தோடுதான் வெளியே வருவாள். எனக்கோ பற்றிக்கொண்டு வரும்.

"ஏட்டி, அது என்ன ஒங்க வீட்டு ஆட்டுக்குட்டியா? விடமாட்டேங்கியே!" என்று கத்துவேன். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆறே மாதத்தில் அவளைத் திருத்திவிட்டேன். அதில் பெருமை வேறு, பாவி எனக்கு.

விளையாட்டு விடுதித் தேர்வுக்குக் கூட்டிப்போனேன். இடம் கிடைத்தால் சாப்பாடு, படிப்பு, ஆட்டம் எல்லாம் அங்கேயே. கிடைக்காவிட்டால் பத்தாவதோடு நிறுத்திப் புதியம்புத்தூர் ரெடிமேட் கம்பெனிக்குத் துணி தைக்க அனுப்புவதாக வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

தேர்வாளர் அவளுக்கு எதிரே ஒரு பெண்ணை நிறுத்தி, "இவளைத் தாண்டிப் பந்தைக் கொண்டு போம்மா. மூணு வாய்ப்பு" என்றார். இவள் பந்தை நிறுத்தினாள், தள்ளிவிட்டாள். வாங்க அந்தப் பக்கம் ஆளே இல்லை. இரண்டாவது முறையும் அதே கதைதான்.

"கொண்டு போ, ஏட்டி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மூன்றாவது முறை தள்ளிவிடாமல் இன்னொரு டச் வைத்தாள். வைத்ததும் பயந்துபோய் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் எதிரே நின்றவள் பந்தைப் பறித்துக்கொண்டாள்.

இப்போது வருகிற பிள்ளைகளிடம் பந்தை விடாதே என்றுதான் சொல்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவள் புதியம்புத்தூரில் தைக்கிறாள்.

தேர்வுக்கு மறுநாள் காலை நான் மைதானத்துக்குப் போனபோது அவள் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். "எதுக்குட்டி ஓடுத?" என்றேன்.

"நேத்து மூணு டச் வச்சிட்டேன்லா, சார்."

நில் என்று சொல்லியிருக்கலாம். அவள் சுற்றை முடித்துவிட்டுத்தான் நின்றாள்.