முன்பே இருந்த நோய்

பிரான்சில் எனக்கு இன்னும் பிடிபடாத பழக்கம் ஒன்று உண்டு. காலையில் ரொட்டிக் கடைக்குப் போனால் கடைக்கார மதாம் "சவா?" என்பாள். சௌக்கியமா என்று பொருள். நாமும் "சவா" என்று சொல்லி ரொட்டியை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். இருபத்தைந்து வருடமாக அப்படித்தான் நகர்கிறேன். இதயக் குழாய் அடைத்து, ஸ்டென்ட் வைத்து, மூன்று வாரம் கழித்து முதன்முதலாக நடந்து போன அன்றும் அவள் "சவா?" என்றாள். ஒரு மனுஷி கேட்கிறாளே என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது. வலி எங்கே ஆரம்பித்தது, ஆம்புலன்ஸ் எத்தனை நிமிஷத்தில் வந்தது, தொடை வழியாக எப்படிக் கம்பி விட்டார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கிவிட்டேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. ரொட்டியை நீட்டிய அவள் கை நீட்டியபடியே நின்றது. வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அவ கேட்டா நீங்க சொல்லிடுவீங்களா?" என்றாள்.

எங்கள் ஊர் முத்தியால்பேட்டையில் யாராவது "உடம்பு எப்படி இருக்குது?" என்று கேட்டு, நாம் வெறுமனே "நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டால் கேட்டவருக்கு வருத்தம் வந்துவிடும். எதையோ மறைக்கிறான் என்று நினைப்பார். எந்த டாக்டர், என்ன மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பது வரை சொல்ல வேண்டும். அவரும் தன் பங்குக்குச் சொல்வார். ஆனால் இதே ஜனங்கள் காகிதத்தைக் கண்டால் உஷாராகிவிடுவார்கள். எந்த விண்ணப்பமானாலும் 'நோய் ஏதும் உண்டா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். பிரான்சில் இது தலைகீழ். வாயால் எல்லோரும் சௌக்கியம், காகிதத்தில் மூல நோய் வரைக்கும் எழுதித் தருவார்கள். இந்த இரண்டு வழக்கங்களுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

நான் மில் தொழிலாளியின் மகன். என் மாமனார் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகளைக் கட்டியதால் எனக்கும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கிடைத்தது. பாரீஸுக்கு வடக்கே ஒரு புறநகரில், பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் வேலை. ஊரில் எனக்கென்று இருப்பது அக்கா ஒருத்திதான். என்னைவிட நான்கு வயது மூத்தவள். அவளுடைய ஒரே மகள் வாணிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நான் ஊரைப் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணின் நெற்றியில் முதல் பட்டம் தாய்மாமன்தான் கட்ட வேண்டும். வாணிக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான். "நீ வரலன்னா அந்த எடத்துல யார நிறுத்துவேன்?" என்று அக்கா போனில் கேட்டாள். அன்றிலிருந்து எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. உணவுக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பரிமாறும்போதுகூட கை இங்கேயும் மனசு பந்தலிலும் இருந்தது.

பயணக் காப்பீடு இல்லாமல் என்னை அனுப்ப முடியாது என்று மனைவி சொல்லிவிட்டாள். சொந்த ஊருக்குப் போக இன்ஷூரன்ஸா என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஸ்டென்ட் என்று சொன்னதும் இரண்டு கம்பெனிகள் கையை விரித்தன. மூன்றாவது கம்பெனி, ஆறு மாதமாக மருந்து எதுவும் மாறவில்லை, உடல்நிலை ஒரே சீராக இருக்கிறது என்று இதய மருத்துவர் சான்று தந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. இதைப் படிக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: விலையைப் பார்த்து எடுக்காதீர்கள், எதற்கெல்லாம் தரமாட்டோம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் பக்கத்தை முதலில் படியுங்கள். சான்று வாங்கிக்கொண்டு அந்தக் கம்பெனிக்குப் போனேன். அங்கிருந்த இளைஞன் பொறுமைசாலி. சர்க்கரை, ரத்த அழுத்தம், எட்டு வருடத்துக்கு முன் வந்த சிறுநீரகக் கல் எல்லாவற்றையும் கேட்டு எழுதினான். "சின்ன வயதில் ஏதாவது?" என்றான். இல்லை என்றேன். முன்பே இருந்த நோய் ஒன்றை மறைத்தது பின்னால் தெரிந்தால் ஒப்பந்தம் செல்லாது என்ற வரியை விரலால் காட்டினான். கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலை இதை அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் பதறிப்போனாள்.

"எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டியா? இன்னாடா நீ, வெவரம் கெட்டவனா இருக்கற! உங்க மாமாவுக்கு சுகரு இருக்குதுன்னு சம்பந்தி வூட்டுல சொன்னமா? கல்யாணம் ஆனப்பறம் தானா தெரிஞ்சிக்கட்டும்."

ஊருக்குப் போய் இறங்கிய முதல் வாரம் நான் வாய் ஓயாமல் பேசினேன். இஸ்திரி போடுகிறவர், பால் ஊற்றுகிறவர், சைக்கிள் கடைக்காரர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் என் இதயத்தின் கதையைச் சொன்னேன். "அந்தக் கம்பி இன்னும் உள்ளவே இருக்குதாண்ணே?" என்று வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஆறு வருடமாக எனக்கு எது இல்லாமல் போயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது. என் உடம்பைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை. இதற்காகவே ஏங்கிக் கிடந்திருக்கிறேன்.

கல்யாணம் வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று கனகசெட்டிக்குளத்தில் இருக்கும் உறவினர்களுக்குப் பத்திரிகை வைக்க நானும் அக்காவும் பஸ்ஸில் போய்த் திரும்பினோம். நல்ல வெயில். இறங்கி நடக்கும்போது மார்பு இறுக்கிப் பிடித்தது, வேர்த்துக் கொட்டியது. அக்கா ஓர் ஆட்டோவை மறித்து நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் இ.சி.ஜி. எடுக்கச் சொல்லிவிட்டு, "இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?" என்று என்னைக் கேட்டார். நம் ஊரில் எந்த நோயாளி தானே பதில் சொல்லியிருக்கிறான்? அக்கா முந்திக்கொண்டாள்.

"சின்ன வயசுலேருந்தே இவனுக்கு நெஞ்சு பலவீனம் டாக்டரம்மா. ஏழு வயசுல மில்லு கேட்டாண்ட மயங்கி வுழுந்துட்டான். நான்தான் தூக்கியாந்தேன். அன்னிலேருந்து இவன வெயில்ல வுடவே மாட்டேன்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். நான் மறுத்திருக்கலாம். அக்கா என்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு அப்படியே படுத்திருப்பது சுகமாக இருந்தது. என் ஏழு வயதை நினைவில் வைத்திருப்பவர் உலகத்தில் இனி அவள் ஒருத்திதானே.

மாரடைப்பு இல்லை என்றார்கள். இரண்டு நாள் வைத்துப் பார்த்து அனுப்புவதாகவும், கல்யாணத்தில் உட்கார்ந்தபடி செய்ய வேண்டியதைச் செய்யலாம் என்றும் டாக்டரம்மா சொன்னார். விதிப்படி நான் கம்பெனிக்குத் தகவல் சொன்னேன். அக்கா வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக் காகிதங்களை பிரௌசிங் சென்டரிலிருந்து ஃபேக்ஸ் அனுப்பினார். திங்கள் மத்தியானம் கம்பெனி மருத்துவர் பாரீஸிலிருந்து என் செல்லுக்கு அழைத்தார். மிக மரியாதையான குரல். சிறு வயது முதல் இதயக் கோளாறு, மயக்கம் என்று இருக்கிறதே, இதை நீங்கள் தெரிவிக்கவில்லையே என்றார்.

"அது நோய் இல்லை" என்றேன்.

"பிறகு என்ன?"

எனக்கு அந்தப் பிரெஞ்சுச் சொல் தெரியும். தினமும் உணவுக்கூடத்தில் பிள்ளைகள் சொல்லும் சொல்தான். ஆனால் நாக்கில் வரவில்லை.

மயக்கத்தின் உண்மையான காரணத்தை அக்கா எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பட்டும், ஒப்பந்தம் செல்லும், புதன்கிழமை விமானத்தில் ஒரு நர்ஸோடு உங்களைப் பத்திரமாக வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறோம் என்றார் அவர். வெள்ளிக்கிழமை கல்யாணம் என்றேன். உங்களுக்கா, வாழ்த்துகள் என்றார். அக்கா மகளுக்கு, நான் அவள் அம்மாவின் தம்பி என்றேன். "ஓ, உறவுக்காரப் பெண்ணா? உடம்பு சரியில்லை என்றால் அவர்கள் புரிந்துகொள்வார்கள்" என்று ஆறுதல் சொன்னார்.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் வாயிலேயே அடித்துக்கொண்டாள். "நான் சும்மா கெடந்திருக்கலாம். குடு, எழுதித் தரேன். கல்யாணம் கெடக்குது, நீ உசுரோட இருந்தா போதும்."

"மயக்கம் ஏன் வந்துச்சின்னு எழுதணும்க்கா."

அவள் என்னைப் பார்த்தாள். நாற்பத்து நான்கு வருடமாக நாங்கள் இருவரும் பேசாத விஷயம் அது. அந்த வருஷம் மில் மூடிக் கிடந்தது. அப்பா காலையில் வழக்கம் போலக் கிளம்பிப்போய் மில் கேட்டில் மற்றவர்களோடு உட்கார்ந்திருப்பார். வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெருவுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, மத்தியானம் நானும் அக்காவும் காலித் தூக்கைத் தூக்கிக்கொண்டு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது போல நடந்து போவோம். அப்படிப் போன ஒரு நாளில்தான் நான் விழுந்தேன். கூட்டம் கூடி, பையனுக்கு என்ன என்று கேட்டது. பதினோரு வயது அக்கா, "இவனுக்கு நெஞ்சு பலவீனம்" என்றாள். என் நோய் அந்த இடத்தில் பிறந்தது. பிறகு அதைச் சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டாள் என்று நினைத்திருந்தேன். இல்லை, ஒன்றையும் அவள் மறக்கவில்லை.

வாணியின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கட்டிலோரத்தில் வைத்து எழுதினாள். எட்டாவது வரை படித்தவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். 'என் தம்பிக்குச் சிறு வயதில் எந்த வியாதியும் இல்லை. அன்று எங்கள் வீட்டில் சமைக்கவில்லை. அதற்கு முந்தின இரண்டு நாளும் சமைக்கவில்லை.' அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"படிச்சிட்டு கிழிச்சிப் போட்டுடுவாங்க இல்ல?" என்று கேட்டாள்.

கிழிக்க மாட்டார்கள். ஃபைலில் வைப்பார்கள். இருபத்தைந்து வருடத்தில் அவர்கள் ஒரு காகிதத்தைக் கிழித்து நான் பார்த்ததில்லை. என் அப்பா ஊருக்குத் தெரியாமல் காத்த ஒன்றை, பாரீஸில் ஒரு அலமாரியில் எண் போட்டு வைப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை நானே அந்த மருத்துவரை அழைத்தேன். "என் அக்கா முதலில் சொன்னதுதான் உண்மை. சின்ன வயதிலிருந்தே எனக்கு இதயம் பலவீனம்" என்றேன். அப்படியானால் ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது, இனி எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதைச் சொல்லியாக வேண்டும், அநேகமாக யாரும் எடுக்க மாட்டார்கள் என்றார் அவர். வாழ்த்துச் சொல்லி வைத்தார். அக்காவிடம், "இருந்துட்டு வரச் சொல்லிட்டாங்க" என்று பொய் சொல்லி அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். மனைவியிடம் போனில் உண்மையைச் சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் அவள் போனை வைத்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

வெள்ளிக்கிழமை மணவறையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். வாணி என் முன்னால் தலையைத் தாழ்த்திக் கொடுத்தாள். பட்டத்தின் நூலை முடியும்போது அது நழுவியதால் அக்கா பின்னாலிருந்து ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள். "இறுக்கிக் கட்டுடா" என்றாள்.

நாலு நாள் கழித்து, காலை விமானத்தில் சென்னையிலிருந்து கிளம்பினேன். எந்தக் காகிதமும் என்னைத் தாங்கவில்லை. இனி வருவேனா என்பதும் தெரியாது. மனைவி விடமாட்டாள், மருத்துவர் விடமாட்டார், அக்காவுக்கும் வயசாகிறது. முன் இருக்கையின் முதுகில் இருந்த சின்னத் திரையில் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் எங்கள் விமானம் மேற்கே நகர்ந்தது. இப்போது மார்பு பிடித்தால் விமானத்தை எந்தப் பக்கம் திருப்பச் சொல்வேன் என்று யோசித்தேன். திரும்பு, ஊருக்கே திரும்பு என்று மனசு உடனே சொன்னது. அரபிக் கடல் தாண்டும்போதும் அதையேதான் சொன்னது. அதன் பிறகு சாப்பாடு வந்தது, கொஞ்சம் கண் அயர்ந்தேன். விழித்து மறுபடி கேட்டுக்கொண்டபோது, போ, சீக்கிரம் போ, மனைவி விமான நிலையத்தில் தனியாக நிற்பாள் என்றிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடுவில் எந்த இடத்தில் என் மனசு கட்சி மாறியது? வரைபடத்தில் தேடினேன். மலையும் மணலுமாக, பேர் தெரியாத ஏதோ ஒரு தேசம். என்னைத் தெரிந்தவர் ஒருவரும் அங்கே இல்லை.