நாலாவது வரியைத் திருத்த ஒரு பயணம்

கடந்த அக்டோபர் இரண்டாம் தேதி, செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் ஒரு மீனவக் குப்பத்துக்குப் போய்வந்தேன். கற்கோயில் எதையும் பார்க்கவில்லை. கல்லூரியில் படித்தபோது நான் தட்டச்சு செய்த ஒரு வரி தப்பு என்று கிராம சபையில் எழுந்து சொல்வதற்காகப் போனேன். கள வேலைக்காக இந்தப் பக்கம் வரப்போகும் மாணவர்களுக்கும் அவர்களை அழைத்து வரும் ஆசிரியர்களுக்கும் வழி, நேரம், செலவு எல்லாம் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

அந்த வரி எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லூரியில் கடைசி ஆண்டில் ஒரு பாடம் உண்டு. குடிமைப் பங்கேற்பு, சமூக மாற்றம் என்று வகுப்பில் படித்துவிட்டு, முப்பது மணி நேரம் ஓர் ஊருக்குப் போய் வேலை செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். எங்கள் குழுவில் ஆறு பேர். எங்களுக்குக் கிடைத்த ஊர் இந்தக் குப்பம். வேலை, கடற்கரையைச் சுத்தம் செய்வது. ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பத்தரைக்குள் இருபத்தாறு சாக்கு நிரப்பினோம். டிராக்டர் வந்து அள்ளிக்கொண்டு போனது. பேச்சுத் திறமை உள்ளவர்கள் வகுப்பில் பேசினார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது என்பதால் தட்டச்சு என் தலையில் விழுந்தது. (எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்த ஒரு பாடத்தின் சான்றிதழைக்கூட அம்மா லேமினேட் செய்து டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறார்.) குப்பைப் பட்டியலில் நாலாவது வரி இது: “மீனவர்கள் கரையில் கைவிட்ட வலை, கயிறு, பிளாஸ்டிக் கேன்: ஒன்பது சாக்கு.” அறிக்கையின் ஒரு பிரதியை ஊராட்சிக்கும் கொடுத்தோம்.

செப்டம்பரில் எங்கள் பேராசிரியர் மேடம் போன் செய்தார். குப்பத்தை ஒட்டியிருக்கும் ஒரு விடுதி, அறிக்கையில் இந்தப் பட்டியல் இருந்த பக்கத்தை நகலெடுத்து ஒரு மனுவோடு இணைத்து ஊராட்சியில் கொடுத்திருக்கிறதாம். மீனவர்கள் வலை காயவைக்கும் மணல்மேடு குப்பைமேடாகக் கிடக்கிறது, கல்லூரி அறிக்கையே அப்படிச் சொல்கிறது, அதைக் காலி செய்து வேலி போட்டுச் செடி வைத்து அழகுபடுத்த அனுமதி வேண்டும் என்று மனு. அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபையில் அது வரப்போகிறது.

“அந்தப் பக்கத்தைத் திரும்பப் பெறுகிறோம்னு கடிதம் எழுதிட்டேன். எனக்கு அன்னிக்குக் கோயம்புத்தூர்ல பொண்ணோட வளைகாப்பு. நீ நேர்ல போய்க் குடுத்து ரெண்டு வார்த்தை பேசினா நல்லா இருக்கும்மா,” என்றார்.

“சரிங்க மேடம்,” என்றேன். மூன்று வருடமும் மேடத்திடம் நான் பேசியதும் இதுதான்.

நான் இப்போது சிறுசேரியில் ஓர் அலுவலகத்தில் பில்லிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். முந்தின நாளே செங்கல்பட்டு வீட்டுக்கு வந்துவிட்டதால், காலை 6.50க்குக் கல்லூரி வாசலில் வாட்ச்மேனிடம் மேடம் கொடுத்துவைத்திருந்த உறையை வாங்கிக்கொண்டேன். பேருந்து நிலையத்தில் 7.20க்கு மாமல்லபுரம் வண்டி கிடைத்தது. தூரம் சுமார் முப்பது கிலோமீட்டர், கட்டணம் 25 ரூபாய். விடுமுறை நாளில் உட்கார இடம் வேண்டுமென்றால் ஏழு மணிக்கே போய்விடுங்கள். திருக்கழுக்குன்றத்தில் எட்டு நிமிடம் நின்றது. இடது பக்க ஜன்னல், மலைமேல் கோயில், பசித்த வயிறு. பேச வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மனதுக்குள் என்று நான்தான் நினைத்திருக்கிறேன்.

பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா திரும்பினார். “இன்னாம்மா, இன்டர்வியூவா?”

“இல்லங்க... கூட்டத்துல பேசணும்.”

“பேசறதுக்கு இன்னாத்துக்கு இப்டி வேர்க்குது? கட்சியில சேந்துட்டியா?” என்று கேட்டுவிட்டு, தாழம்பூ நிறக் கைக்குட்டை ஒன்றை நீட்டினார். துடைத்துக்கொண்டேன்.

8.35க்கு மாமல்லபுரம். பேருந்து நிலையம் அருகே இட்லி, பொங்கல், காபி: 75 ரூபாய். கழிப்பறை வேண்டுமென்றால் இங்கேயே போய்விடுவது நல்லது. அங்கிருந்து குப்பம் ஐந்து கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ இருபது ரூபாய் என்றாலும் ஆள் சேரும்வரை காத்திருக்க வேண்டும். தனியாகப் போனால் நூற்றைம்பது. எனக்கு வாய்த்தவர் ஜமால் பாய். குப்பத்தின் பெயரைச் சொன்னதும் கண்ணாடியில் பார்த்தார்.

“சுத்தம் பண்ணவா பாப்பா? போன வருசம்கூட ஒரு செட்டு வந்துச்சு. கிளவுஸ் எல்லாம் போட்டுகினு.”

“அந்த செட்டுதான் பாய் நான்.”

“அல்லாவே! உங்க காகிதத்தால குப்பமே கோவத்துல கீது. அப்ப உள்ளார எறக்கி வுடட்டுமா, இல்ல ரோட்டுலயே நின்னுக்கட்டுமா? அடி கிடி உழுந்தா வண்டிக்கு ஆகாது.” சிரித்தார். ஆனால் இறக்கிவிட்டதும் அவர் கேட்டது நூறு ரூபாய்தான். “நல்லபடியா பேசிட்டு வா, போ.”

குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் செல்வி. என்னைவிட மூன்று வயது பெரியவள். அவளும் கணவரும் நண்டு வலை வைத்துத் தொழில் செய்கிறார்கள். போன வருடம் நாங்கள் வேலை முடித்து உட்கார்ந்தபோது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள். மேடத்தின் போன் வந்த பிறகு அவளிடம் மட்டும் பேசியிருந்தேன்.

“வாடி குப்ப மேடம்,” என்றாள் தூரத்திலிருந்தே. “இவ்ளோ நேரம் இன்னா பண்ண? பயந்துகினு பஸ்ஸுலயே குந்திகினு இருந்தியா?”

மணல்மேட்டைக் காட்டினாள். பச்சையும் நீலமுமாக வலைகள் விரித்துக் கிடந்தன. ஓரத்தில் தார்ப்பாயின் கீழ் ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன்கள், மூடி இறுக்கி, கழுத்தில் கயிறு கட்டி, சிவப்புப் பட்டை அடித்து அடுக்கியிருந்தன. கடலில் வலை எங்கே கிடக்கிறது என்று காட்டும் மிதவைகள் அவை. சிவப்புப் பட்டை என்றால் செல்வி வீட்டுடையது. நாங்கள் சுத்தம் செய்தது நண்டு சீசனுக்கு முந்தின மாதம். ஆண்கள் கடலில், பெண்கள் மீன் ஏலத்தில். கரையில் கேட்க ஆள் இல்லாத நேரத்தில் வந்து, அவள் வீட்டு மிதவைகளை அள்ளிவிட்டோம். அவசரத்துக்குத் தெர்மோகோல் துண்டைக் கட்டிப் போட்டதில் இரண்டு வலை கடலோடு போய்விட்டதாம்.

“அப்ப ஏன் எங்ககிட்ட கேக்கல?”

“டிராக்டரு போனப்பறம் இன்னாத்த கேக்கறது? தெரியாம பண்ட்டீங்க. படிக்கற புள்ளைங்க. வுட்டாச்சு,” என்றாள்.

தார்ப்பாயின் மடிந்த முனையை இழுத்துச் சரிசெய்தேன். சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.

கிராம சபை பதினொரு மணிக்கு, ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் ஷாமியானா போட்டு நடந்தது. குப்பத்திலிருந்து முக்கால் கிலோமீட்டர் நடை. வெயிலுக்குக் குடை எடுத்துப் போங்கள். சுமார் நூற்றைம்பது பேர். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். வெளியூர்க்காரர் பேச வேண்டுமென்றால் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை. குடிநீர், தெருவிளக்கு எல்லாம் போய் ஏழாவது பொருளாக விடுதியின் மனு வந்தது. ஊராட்சி செயலர் மைக்கில் வாசித்தார். “மீனவர்கள் கரையில் கைவிட்ட...” என் வரி ஒலிபெருக்கியில் கேட்டது. தட்டச்சு செய்தபோது அது எவ்வளவு சின்ன வரியாக இருந்தது!

கடிதத்தைக் கொடுத்தேன். செயலர் பார்த்துவிட்டு, “பதிவு பண்ணிக்கறோம்,” என்று கோப்பில் செருகினார். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

செல்விதான் எழுந்தாள். “தலைவரே, அத்த எழுதனவளே வந்துகீறா. அவள கேளுங்க.”

மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பேருந்தில் மனப்பாடம் செய்தது ஒரு சொல் நினைவில்லை. “அந்த நாலாவது வரி தப்பு,” என்றேன். “சத்தமா சொல்லு பாப்பா, மைக்க வாயாண்ட வெச்சிக்கோ,” என்று பின்னாலிருந்து குரல். மறுபடி சொன்னேன்.

விடுதி மேலாளர் மரியாதையாகவே கேட்டார். “நீங்க நேர்ல பார்த்து எழுதினதுதானேம்மா? இப்ப யாரோ சொல்லி மாத்தறீங்க.”

அப்போதுதான் அதைச் சொன்னேன். “யாரும் சொல்லல சார். அது குப்பை இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். எல்லா கேன்லயும் ஒரே மாதிரி முடிச்சு இருந்துது, ஒரே மாதிரி சிவப்புப் பட்டை. யாரோ உக்காந்து கட்டினதுன்னு பார்த்தாலே தெரிஞ்சுது. கூட இருந்தவங்க எண்ணிக்கிட்டு இருந்தாங்க. நிறுத்தச் சொல்லக் கூச்சமா இருந்துது. நானும் சாக்குல போட்டேன். அப்புறம் ‘கைவிட்ட’ன்னு தட்டச்சு பண்ணேன்.”

நான் செல்வியைப் பார்க்கவில்லை.

தலைவர் கை தூக்கச் சொன்னார். மனுவுக்கு ஆதரவாகப் பதினொரு கை. வலை காயவைக்கும் இடம் இப்போது இருப்பதுபோலவே தொடர வேண்டும் என்பதற்கு எண்ண முடியாத அளவுக்குக் கைகள். தீர்மானப் புத்தகத்தில் அப்படியே எழுதினார்கள். என் வாக்குமூலத்தின் கீழே என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். விடுதி இதற்கு மேலேயும் மனு போடலாம் என்று செயலர் சொன்னார். போடட்டும், அறிக்கையின் அந்தப் பக்கம் இனி அவர்களுக்கு உதவாது.

திரும்பும்போது செல்வி எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். முக்கால் கிலோமீட்டர் அவ்வளவு நீளம் என்று போகும்போது தெரியவில்லை. வீட்டு வாசலில் நான் நின்றேன். அப்படியே பஸ்ஸுக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். உள்ளே பாத்திரச் சத்தம். தட்டோடு வந்தாள். சோறு, நெத்திலிக் குழம்பு.

“குந்து. துன்னு.”

“செல்வி, நான்...”

“கோவமாத்தான் கீது. அது பாட்டுக்கு இருக்கட்டும். சோறு ஆறிடும்.”

சாப்பிட்டேன். பிறகு அவள் வலையில் சிக்கு எடுக்க உட்கார்ந்தாள். ஒரு முனையை என் பக்கம் தள்ளினாள். நான் எடுத்ததில் பாதியை அவள் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. “காலேஜுல இத்த சொல்லித் தரலியா?” என்று கேட்டபோது குரலில் கொஞ்சம் பழைய கிண்டல் தெரிந்தது. 3.15 வண்டியை விட்டுவிட்டேன். ஷேர் ஆட்டோவில் மாமல்லபுரம் வந்து, 4.10 வண்டியில் ஏறி 5.30க்குச் செங்கல்பட்டு. மொத்தச் செலவு 245 ரூபாய்.

கள வேலைக்கு வருபவர்களுக்குச் சில விஷயங்கள். சிறுசேரி, கேளம்பாக்கம் பக்கமிருந்து வருபவர்கள் செங்கல்பட்டு சுற்ற வேண்டாம்; திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் வந்துவிடலாம். குப்பத்தின் பெயரை நான் எழுதவில்லை, செல்வியின் கட்டளை: “பேரு போடாத. ஞாயித்துக்கெழமையானா செல்பி எடுக்க வந்துடுவானுங்க.” அடுத்த குழுவுக்கும் அவளே நேரம் சொல்லியிருக்கிறாள். பதினொரு மணிக்கு மேல் வர வேண்டும். முதல் நாள் சாக்கும் கையுறையும் கொண்டுவரக் கூடாது. அகற்ற வேண்டியது அங்கே நிறைய இருக்கிறது, முக்கியமாகச் சுற்றுலா வருபவர்கள் உடைத்துப் போகும் பாட்டில் கண்ணாடி. வெறுங்காலோடு படகு தள்ளுபவர்களுக்கு அதுதான் பெரிய தொல்லை. எங்கள் பட்டியலில் அது கடைசி வரியில் இருந்தது.

இன்னொன்று, என்னைப்போலப் பேசத் தயங்குபவர்களுக்கு. குழுவில் யாருக்காவது ஒரு பொருளைப் பார்த்துச் சந்தேகம் வந்தால், சாக்கில் போடுவதற்கு முன் சொல்லிவிடுங்கள். அப்போது ஐந்து பேர் முன்னால் சொன்னால் போதும். நான் நூற்றைம்பது பேர் முன்னால் சொல்ல வேண்டியதாயிற்று.

ஒன்பது நாள் கழித்து, அலுவலக உணவு இடைவேளையில், செல்வியின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் கடல் இரைச்சல். “ஏய், கோவம் இன்னும் கொஞ்சம் கீது. ஆனா நண்டு நெறைய பட்டுகீது. ஞாயித்துக்கெழம வா. வரும்போது நல்ல சேப்பு பெயிண்டு ஒரு டப்பா வாங்கினு வா, நீதான் பட்ட அடிக்கணும்.”