பின் பம்பரில் உரிந்த வெள்ளை

மகள் வெளிநாடு போகும்போது தன் வெள்ளைக் காரை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். அதுவரை அவளும் மாப்பிள்ளையும் திருநின்றவூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தார்கள். சாவியைக் கொடுத்தபோது கூடவே ஒரு நிபந்தனையும் கொடுத்தாள். நான் எங்காவது இடித்தேன் என்று தெரிந்தால் சாவியை வாங்கிக்கொள்வாள், காரை விற்றுவிடுவாள்.

"எழுபத்திரண்டு வயசாவுதுப்பா. காருக்காகச் சொல்லல, உங்களுக்காகத்தான் சொல்றேன்" என்றாள்.

எழுபத்தொன்று என்று நான் திருத்தினேன்.

அந்தக் கார் இல்லாவிட்டால் என் மனைவியின் கால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். முழங்காலில் அறுவை சிகிச்சை செய்திருந்தது. வாரம் ஒரு முறை திருவள்ளூரில் உடற்பயிற்சி சிகிச்சை. கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலில் போவதென்றால் சென்னை வரை போய், வேறு ரயில் பிடித்து, மறுபடி மேற்கே வரவேண்டும். பஸ்ஸின் முதல் படியே அவளுக்கு எட்டாத உயரம். காரில் புதுவாயலில் திரும்பிப் பெரியபாளையம் வழியாகப் போனால், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, பாதி வழி தூங்கியபடியே போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் வீடியோவில் கூப்பிடுவாள். அம்மாவிடம் காலைப் பற்றிக் கேட்பாள், என்னிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்பாள், கடைசியில் காரைக் காட்டச் சொல்வாள். "பின்னாடி காட்டுங்கப்பா" என்பதுதான் முதலில். நான் போனைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போவேன். இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே என்பாள். நான் ரிவர்ஸ் எடுப்பதில் அவளுக்கு நம்பிக்கை இல்லை என்று நினைத்துக்கொள்வேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் காட்டுவேன்.

அதனால் பெயின்ட் விஷயத்தில் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. எங்கள் ஊர்க் காற்றில் இரும்பு இருக்கிறது. முப்பத்தொரு வருஷம் ஓர் இரும்பு உருட்டாலையின் ஸ்டோர்ஸில் போல்ட், நட் எண்ணிக்கொண்டிருந்தவன் நான். அந்தத் தூளை நன்றாகத் தெரியும். காலையில் பானெட்டில் விரலை இழுத்தால் கறுப்பாக ஒட்டும். பனி பெய்த மறுநாள் வெள்ளைப் பெயின்ட்டில் கடுகில் பாதி அளவு காவி நிறப் புள்ளிகள் தெரியும். முதல் தடவை பார்த்தபோது, வெள்ளிக்கிழமை என் மனைவி வைக்கிற குங்குமம் தெறித்தது என்று நினைத்து அவளைக் கோபித்துக்கொண்டேன். பழைய பனியனால் அழுத்தித் துடைத்தேன். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்கள். இரும்புத் தூளை நானே துணியால் பெயின்ட்டின் மேல் தேய்த்திருக்கிறேன். குங்குமத்துக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று ஞாபகம் இல்லை. நான் கேட்கவே இல்லை என்கிறாள் அவள்.

பானெட்டில் இருந்த புள்ளிகளை எண்ணினேன். நாற்பத்தாறு. அடுத்த வாரம் அறுபத்தொன்று. அதற்கடுத்த வாரம் முப்பத்தெட்டு. கூடினால் புரிகிறது. எப்படிக் குறையும்? மனைவியிடம் சொன்னேன்.

"மொதல்ல கண்ணாடியப் போட்டுக்கினு எண்ணுங்க" என்றாள்.

இனி வீட்டில் துடைப்பதில்லை, வாட்டர் வாஷில் விடுவது என்று முடிவு செய்தேன். புதுவாயல் சந்திப்பைத் தாண்டி, திருவள்ளூர் போகிற வழியிலேயே ஒன்று இருந்தது. ஆனால் அங்கேயும் எனக்கு நிம்மதி இல்லை. எனக்கு முன்னால் கம்பெனி வேன்கள் நிற்கும். சக்கரமெல்லாம் கரி. அந்த வேனைத் தேய்த்த அதே ஸ்பாஞ்சு, அதே வாளித் தண்ணீர் என் காருக்கும் வரும். ஆகவே என் வாளி இரண்டையும் ஸ்பாஞ்சு மூன்றையும் டிக்கியில் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். ஒரு வாளி ஷாம்பூவுக்கு, ஒரு வாளி அலசுவதற்கு. ஸ்பாஞ்சு ஒன்று மேலே, ஒன்று பக்கவாட்டில், ஒன்று சக்கரத்துக்கு மட்டும். பானெட் சூடு ஆறும்வரை தண்ணீர் படக்கூடாது. கை வைப்பதற்கு முன்னால் தூள் முழுக்க வெறும் தண்ணீரிலேயே போகவேண்டும். தண்ணீர் பீய்ச்சும் கன் ஒரு கை நீளத்துக்கு அப்பால் இருக்கவேண்டும். அந்தத் தூரத்தைக் காட்டுவதற்காக நான் கையை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பேன். சட்டை நனைந்துவிடும்.

வாட்டர் வாஷ் வைத்திருந்தவர் நாற்பது வயதுக்காரர். நான் வாளிகளை இறக்கும்போதெல்லாம், "சாரு சம்பந்தி ஊட்டுக்குச் சீர் கொண்டாந்துட்டாரு, எடம் வுடுங்கப்பா" என்பார். வேன் டிரைவர்கள் சிரிப்பார்கள். என் மனைவி காருக்குள் இருந்தபடியே அவர்களோடு சேர்ந்து சிரிப்பாள்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. மகள் விடுமுறைக்கு வருகிறாள் என்று தெரிந்தது. வருவதற்கு ஐந்து நாள் முன்பு, திங்கட்கிழமை, திருவள்ளூரிலிருந்து திரும்பும் வழியில் காரைக் கழுவ விட்டேன். பெரியபாளையத்துக்கு அருகே ரோடு போடுகிறார்கள். பின் பம்பரில் தார் ஒரு திட்டாக ஒட்டியிருந்தது. ஷாம்பூவுக்கு அசையவில்லை. நகத்தால் சுரண்டப்போன வாட்டர் வாஷ்காரரைத் தடுத்து, "கன்னைக் கொஞ்சம் கிட்ட வச்சு அடிப்பா" என்றேன். சொன்னது நான்தான். என் விதியை நானே மீறினேன்.

தார் போயிற்று. கூடவே பெயின்ட்டும் போயிற்று. பால் மேல் படிந்த ஆடையை ஊதினால் ஒதுங்குமே, அப்படி மடங்கி, உள்ளங்கை அளவுக்கு உரிந்து தொங்கியது. அடியில், பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பட்டி சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அதைச் சுற்றிலும் வேறு ஒரு வெள்ளை, அதில் கோடு கோடாக ஆழமான கீறல்.

அவர் கன்னை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். கம்பெனி பெயின்ட் இப்படித் தோலாக உரியாது என்றார்.

"இது டச்சப் பண்ணது சார். எங்கியோ நல்லா இட்ச்சிக்கிறீங்க, அப்பால பட்டி பார்த்து அட்ச்சிக்கிறாங்க."

"நான் எங்கயும் இடிக்கலப்பா."

"நல்லா ரோசன பண்ணிப் பாருங்க. மறந்துகூடப் போயிருப்பீங்க."

அவர் கிண்டலாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்று கிண்டல் இல்லை. தணிந்த குரலில், வேன்காரர்கள் காதில் விழாதபடி சொன்னார். அதுதான் என்னைக் கலக்கியது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய நூறு தடவை திருவள்ளூர். மற்றபடி கல்யாணம், காது குத்து, ஆஸ்பத்திரி என்று பதினான்கு பயணம். ஒவ்வொன்றையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எதிலும் இடி இல்லை. அப்புறம் நான் மறந்தவற்றை எண்ணினேன். காஸ் அடுப்பை நிறுத்தாமல் விட்டது ஒரு முறை. பிரஷர் மாத்திரையை இரண்டு தடவை விழுங்கியது ஒரு முறை. அண்டை வீட்டுக்காரர் பெயர் வராமல் நின்றது, அது ஐந்தோ ஆறோ. ஐந்தா ஆறா என்பதே நிச்சயமாக இல்லை. இதையெல்லாம் மறந்தவன் ஓர் இடியை மறந்திருக்க மாட்டான் என்று எப்படிச் சொல்வது?

மூன்றாம் நாள் ஞாபகம் வந்தது. ஆரம்பாக்கத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் இடமில்லாமல் வயல் ஓரத்தில் காரை நிறுத்தியிருந்தேன். திரும்பும்போது ரிவர்ஸ் எடுக்கிறேன். பின்னால் சிமென்ட் கம்பம். டொம்மென்று சத்தம். யாரோ, "நைனா, நிறுத்து நிறுத்து" என்கிறார்கள். இவ்வளவும் கண்ணெதிரே நடப்பதுபோல் தெரிந்தது. கம்பத்தின் மேல் சுண்ணாம்பால் எழுதியிருந்த ஒன்பது என்ற எண்கூடத் தெரிந்தது. ஆனால் அதன் பிறகு நான் எந்தக் கடையில் பெயின்ட் அடிக்கக் கொடுத்தேன் என்பது மட்டும் வரவே இல்லை.

மனைவியிடம் கேட்டேன். அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவள்.

"சத்தம் கேட்ட மாதிரிதான் இருக்குது" என்றாள். பிறகு, "இல்ல, அது மோளச் சத்தம்" என்றாள். மறுநாள் மறுபடி கேட்டேன். "ரெண்டு நாளா கேட்டுக்கினே இருந்தா எனக்கும் இட்ச்சாப்பலத்தான் தோணுது, வுடுங்க" என்றாள்.

உரிந்த இடத்தின் மேல் முருகன் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிடலாம் என்பது அவள் யோசனை. மகள் சாவியை வாங்கிக்கொண்டால் யாருடைய கால் மடங்காமல் போகும் என்பது அவளுக்கும் தெரியும். நான் ஒட்டவில்லை. ஆனால் காரின் பின்பக்கம் சுவரை ஒட்டி இருக்கும்படி நிறுத்தினேன். அதற்கு ஏழு முறை முன்னும் பின்னும் எடுக்கவேண்டியிருந்தது. அன்று நிஜமாகவே இடித்துவிடப் பார்த்தேன்.

மகள் வந்தாள். காபி குடித்து முடிக்கும் முன்பே சாவியைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். வாசலுக்கு வந்தவள் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேரே சுவருக்கும் காருக்கும் நடுவில் உடம்பைத் திருப்பி நுழையப் பார்த்தாள். அவள் பார்ப்பதற்கு முன் நானே சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது.

"நான் இடிச்சிருக்கேன் போல இருக்குதும்மா. ஆரம்பாக்கத்துல. ஞாபகம் சரியா இல்ல" என்றேன்.

அவள் சுவருக்கும் பம்பருக்கும் நடுவே குந்தி உட்கார்ந்தாள். தலை மட்டும் தெரிந்தது. உரிந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க இடிக்கலப்பா" என்றாள். "நான் இடிச்சேன். திருநின்றவூர் பார்க்கிங்ல, தூண்ல. உங்ககிட்ட கொடுக்கறதுக்கு நாலு நாள் முன்னாடி. அவசரத்துல பக்கத்துக் கடையில அடிச்சு வாங்கினேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா விடுவீங்களா? எத்தனை அடி தூரத்துல தூணு, எத்தனை தடவை கண்ணாடியப் பார்த்தே, அந்தத் தூணு எத்தனை வருஷமா அங்க இருக்குது, எல்லாம் கேப்பீங்க."

அப்படிக் கேட்டிருப்பேன். அதில் சந்தேகமில்லை. அந்த நிமிஷம்கூட எத்தனை அடி என்ற கேள்வி வாய் வரை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகத்துக்கு வந்தன. பின்னாடி காட்டுங்கப்பா, இன்னும் கிட்டே. அவள் நான் ஓட்டுகிற லட்சணத்தைப் பார்க்கவில்லை. தன் பட்டி நிற்கிறதா, நிறம் மாறிவிட்டதா என்று பார்த்திருக்கிறாள்.

சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். என் கை சரி, என் ஞாபகம் சரி. ஆனால் நான் கேட்டது வேறு.

"அப்போ ஆரம்பாக்கத்துல அந்தக் கம்பம்? ஒன்பதுன்னு எழுதியிருந்துது. சத்தம்கூட கேட்டுதே."

மகள் எழுந்து நின்றாள். வாங்கிய சாவி அவள் கையில் இருந்தது. தன் குற்றத்தைச் சொன்னபோது என்னைப் பார்க்காதவள், இப்போது பார்த்தாள். நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக்கூடாது என்று அப்போதுதான் உறைத்தது.

"பம்பர்ல ஒரே ஒரு அடிதான்ப்பா இருக்குது. அது என்னுது" என்றாள். பிறகு சாவியை என் சட்டைப் பையில் போட்டாள். "திருவள்ளூர் போய் வாங்க. ஆனா அம்மா இல்லாம தனியா எடுக்காதீங்க. சரியா?"

சரி என்றேன். இப்போது நிபந்தனை மாறிவிட்டது. முன்பு பெயின்ட்டுக்காக இருந்தது, இப்போது என் ஞாபகத்துக்காக.

அவள் திரும்பிப் போன வாரம் மறுபடி புதுவாயலில் நின்றோம். வாளிகளை இறக்கினேன். பின் பம்பரை அப்படியே விட்டிருக்கிறோம். அங்கே கன் வேண்டாம், ஈரத் துணியால் ஒற்றினால் போதும் என்றேன். வாட்டர் வாஷ்காரர் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"ஞாபகம் வந்துச்சா சார்?"

"நான் இடிக்கலப்பா. வேற ஆள் இடிச்சது" என்றேன். சரி சார், சரி சார் என்று தலையாட்டினார். வயதானவர்களிடம் எல்லோரும் ஆட்டுகிற மாதிரி ஆட்டினார். நான் மேற்கொண்டு விளக்கவில்லை.

காருக்குள் ஏறி உட்கார்ந்தேன். மனைவி காலை நீட்டிக்கொண்டு, சீட்டைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்.

"அப்போ அந்தச் சத்தம் இன்னாங்க?"

"மேளம்" என்றேன்.

அவள் அதை நம்பித் தூங்கிவிட்டாள். பெரியபாளையம் வரும்வரை ஒவ்வொரு கம்பமாகப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.