இன்டர்வியூவுக்கு அப்பாவும் வந்தார்

மதுரையில் மருத்துவச்சிப் பயிற்சி முடித்து மார்க்கையன்கோட்டைக்குத் திரும்பியிருந்தேன். தேனியில் புதிதாகத் திறக்கவிருந்த பிரசவ விடுதியிலிருந்து தபால் வந்தது. ஒரு மருத்துவச்சி வேண்டும். நேரில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த வேலை கிடைக்காவிட்டால் தையில் என்னை அத்தானுக்குக் கொடுத்துவிடுவது என்று உறவில் பேசி முடித்திருந்தார்கள். அப்பாவும் தலையாட்டியிருந்தார்.

அத்தான் என்றால் என் அக்காவைக் கட்டியவர். தலைப்பிரசவத்துக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்தது. நஞ்சுக்கொடி வரவில்லை, ரத்தம் நிற்கவில்லை. உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அப்பா வண்டி பூட்டினார். ஆனால் கட்டிக்கொடுத்த பெண். ஆஸ்பத்திரியில் ஆண் டாக்டர் தொடுவார். சம்பந்தி வீட்டாரைக் கேட்காமல் கொண்டுபோனால் நாளைக்குப் பேச்சு வரும். அவர்கள் ஊருக்கு ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். அவர்கள் வந்து சேர்ந்தபோது மாடுகள் நுகத்தடியில் நின்றபடியே இருந்தன. அக்கா இல்லை.

கைக்குழந்தையைக் காரணம் சொல்லி அப்போதே என்னை இரண்டாந்தாரமாகக் கேட்டார்கள். அப்பா பிடிகொடுக்கவில்லை. நான் மதுரைக்குப் படிக்கப் போகிறேன் என்றபோது ஏன் என்று கேட்காமல் அனுப்பிவைத்தார். அதற்காக அவர் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு அதிகம். இப்போது அவருக்கும் அலுத்துவிட்டது.

எனக்கு எதையும் வரிசைப்படுத்தினால்தான் மனம் நிற்கும். தபால் வந்த அன்றே ஆரம்பித்தேன். பையில் இருக்க வேண்டிய சாமான்கள், கை கழுவும் முறை, வலி எடுத்ததிலிருந்து கொடி அறுப்பது வரை செய்ய வேண்டியவை, சிக்கல் வந்தால் செய்ய வேண்டியவை. மதுரையில் எங்களுக்குச் சொல்லித்தந்த மூத்த நர்ஸ் இன்டர்வியூவுக்கென்று மூன்று விஷயம் சொல்லி அனுப்பியிருந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். முதலில் இது, அடுத்து இது என்று ஒழுங்காகச் சொல். தெரியாது என்று மட்டும் சொல்லாதே.

ஒப்பித்துப் பார்க்க ஆள் வேண்டுமே. அம்மா மொச்சை உரித்துக்கொண்டே கேட்பாள். அவளுக்குப் புரிந்தது பாதி, கேலி பாதி. "தொழுவத்துல மாடு கன்னு போட்டப்ப கண்ணைப் பொத்திக்கிட்டு ஓடுனவ, ஊருப் பிள்ளையெல்லாம் எடுக்கப் போறியாக்கும்" என்பாள். ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் உடனே கையை உயர்த்துவாள். "அப்பா வாராக. நிறுத்து."

நான் நிறுத்திவிடுவேன். கருப்பை, உதிரம், நஞ்சுக்கொடி என்ற சொற்களை ஒரு பெண் அப்பா காதில் விழப் பேசுவதில்லை. மணமாகாதவள் பேசவே கூடாது. அக்கா இறந்த அன்றுகூட அம்மா அவரிடம், "நிக்கலைங்க" என்று மட்டும்தான் சொன்னாள். என்ன நிற்கவில்லை என்று சொல்லவில்லை.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் பின்னால் மாட்டிய அடுப்பில் கரி போட்டு ஓடிக்கொண்டிருந்தன. நானும் அப்பாவும் சின்னமனூரில் ஏறி, அந்த அடுப்பு கக்கிய புகையை முகத்தில் வாங்கிக்கொண்டு தேனி போய்ச் சேர்ந்தோம். வெள்ளைச் சேலையில் கரித்தூள் விழுந்திருந்தது. அதை நான் எதிர்பார்த்து ஈரத்துணி கொண்டுபோயிருந்தேன். அப்பா அறைக்குள்ளேயே வருவார் என்பதைத்தான் எதிர்பார்க்கவில்லை. உள்ளே ஆண்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும், வெளியே இருக்க மாட்டேன் என்று பியூனிடம் சொல்லிவிட்டார். கதவோரம் ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார்கள். அது என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

எதிரே மூன்று பேர். மலையாளம் கலந்து பேசிய லேடி டாக்டர், ஓர் அதிகாரி, விடுதி கட்டப் பணம் கொடுத்த பஜார் வியாபாரி. கல்யாணம் ஆகாத பெண்ணைப் பிரசவ அறையில் விட வீடுகளில் சம்மதிப்பார்களா என்று வியாபாரி கேட்டார். வலியில் இருப்பவள் அதைக் கேட்க மாட்டாள் என்றேன். டாக்டர் லேசாகச் சிரித்தாள். பையில் என்னென்ன இருக்கும் என்று கேட்டாள். தடங்கலில்லாமல் சொன்னேன்.

அடுத்து அவள் கேட்டது இது: "தலைப்பிரசவம். பிள்ளை வந்தாச்சு. நஞ்சுக்கொடி வரல்ல, ரத்தம் நிக்கல்ல. நீ என்ன செய்யும்?"

பலமுறை ஒப்பித்த கேள்விதான். வாய் திறக்கவில்லை. முதுகு முழுவதும் அப்பா இருந்தார். அவருக்கு முன்னால் சொல்லக் கூசியது ஒரு பக்கம். அக்காவுக்கு என்ன செய்திருக்கலாம் என்பதை அவர் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை என்பது இன்னொரு பக்கம். இங்கே சொன்னால் அவர் கேட்டே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் தையில் அத்தான்.

டாக்டர் கவனித்துவிட்டாள். பெரியவர் கொஞ்சம் வெளியே இருக்கலாமே என்றாள்.

"நான் இங்கனயே இருக்கேன்" என்றார் அப்பா. "அது சொல்லட்டும்."

சுவரில் ஆணி அடித்த ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். முதலில் அடிவயிற்றில் கை வைத்துக் கருப்பை இறுகும்வரை தேய்ப்பேன். அடுத்து சிறுநீரை வெளியேற்றுவேன். குழந்தையைத் தாயிடம் பால் குடிக்க விடுவேன். கட்டிலின் கால்பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்துவேன். கொடியைப் பிடித்து இழுக்க மாட்டேன், யாரையும் இழுக்க விடவும் மாட்டேன். அப்படியும் ரத்தம் நிற்காவிட்டால், வயிற்றிலிருந்து கையை எடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன்.

"சம்பந்தி வரட்டும்னு வீட்டிலே சொன்னால்?" என்றாள் டாக்டர். எங்கள் பக்கத்து வீடுகளை அவள் நிறையப் பார்த்திருக்க வேண்டும்.

"வண்டியில ஏத்திட்டு அப்புறம் ஆள் அனுப்பச் சொல்லுவேன். யாருக்காகவும் காத்திருக்க மாட்டேன்."

பின்னால் முக்காலி அசையவில்லை. மூன்று பேரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். ஒன்றாம் தேதி வந்து சேரும்படி அதிகாரி சொன்னார். கை கூப்பினேன். அப்பா எனக்கு முன்பே எழுந்து வெளியே போயிருந்தார்.

திரும்பும்போது வீரபாண்டி தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் அடுப்பைக் கிளறிக் கரி போட்டார். எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"ஆத்தா, அன்னைக்கு வண்டி பூட்டித்தான நின்னுச்சு?"

"ஆமாப்பா."

"ஏத்தியிருந்தா?"

எனக்குத் தெரிந்ததையெல்லாம் மனதில் அடுக்கிப் பார்த்தேன். எவ்வளவு ரத்தம் போயிருந்தது, பாதை எவ்வளவு மோசம், ஆஸ்பத்திரியில் அன்றைக்கு யார் இருந்திருப்பார்கள். எந்த வரிசையில் வைத்தாலும் பதில் வரவில்லை.

"தெரியலப்பா."

"அங்கன அவுக கேட்டப்ப தெரிஞ்சுச்சே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் உறுமியதும் போய் ஏறிக்கொண்டார்.

வீட்டில் அம்மா சொம்பில் தண்ணீரோடு நின்றாள். என்ன கேட்டார்கள் என்றாள். நான் பேசுமுன் அப்பா பேசினார். அடிவயிற்றைத் தேய்க்க வேண்டும் என்றார். சிறுநீரை வெளியேற்ற வேண்டும், பிள்ளையைப் பால் குடிக்க விட வேண்டும், கால்பக்கம் செங்கல் வைக்க வேண்டும், நஞ்சுக்கொடியை இழுக்கக் கூடாது. ஒன்றுகூட இடம் மாறவில்லை. அந்த வார்த்தைகள் அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அம்மா சொம்பைக் கீழே வைத்தாள்.

அடுத்தது வண்டி. அப்பா அதைச் சொல்லவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டினீகளா என்று யாரையோ கேட்பதுபோலக் கேட்டுவிட்டுத் தொழுவத்துக்குப் போனார்.

"அப்புறம்?" என்றாள் அம்மா என்னிடம். "அப்புறம் என்ன செய்யணுமாம்?"

வேலை கிடைத்துவிட்டது என்பதை அவளிடம் இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை. அதை மட்டும் சொன்னேன்.