வாய் வைத்துக் குடித்த பீர்

ஹூஸ்டனில் ஒரு வெள்ளைக்காரன் உங்களோடு கொஞ்சம் நெருங்கிவிட்டான் என்பதற்கு அடையாளம், "உன் பீர் எது?" என்று அவன் கேட்பதுதான். ஊர் எது, அப்பா என்ன செய்தார், கல்யாணம் ஆகிவிட்டதா என்பதெல்லாம் இவர்களுக்கு அந்தரங்கம். பீர் அந்தரங்கம் இல்லை. கடையில் போய்ப் பார்த்தால் ஒரு சுவர் நீளத்துக்குக் கண்ணாடிக் கதவுகள், அவற்றுக்குப் பின்னால் பொன்னிறம், செந்நிறம், கறுப்பு என்று வரிசை வரிசையாகப் பாட்டில்கள். அத்தனையிலும் ஒவ்வொருவனுக்கும் ஒன்று சொந்தம். அது கிடைக்காவிட்டால் முகம் வாடிப்போகிறான். வந்த புதிதில் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. கேரளத்தின் தெற்குக் கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் பூவார் கடற்கரையில் ஒருவன் பீர் குடித்தான் என்று கேள்விப்பட்டால் "என்ன பீர்?" என்று யாரும் கேட்டு நான் அறிந்ததில்லை. "யாருகூட?" என்றுதான் கேட்பார்கள். அவன் வீட்டுக்காரியும் அதைத்தான் முதலில் கேட்பாள்.

எங்கள் மீன்பிடி வள்ளத்தில் ஆறு பேர். அமரத்தில், அதாவது பின்பக்கம் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு, என் அண்ணன் லாரன்ஸ். அடுத்து சிலுவை அண்ணன். மூன்றாவது பலகையில் நான். நாலாவது, என்னோடு பள்ளிக்கூடம் போய் என்னோடே பள்ளிக்கூடத்தை விட்ட கிளீட்டஸ். முன்னால் இன்னும் இரண்டு பேர். நல்ல மீன்பாடு உள்ள நாளில், விற்க வேண்டியதை விற்று, வலையை உதறிப் போட்ட பிறகு, தென்னை நிழலில் உட்கார்ந்து பீர் குடிப்போம். கிளீட்டஸ் முதல் நாளே பஸ் ஏறி, பாறசாலை தாண்டி, களியக்காவிளையில் தமிழ்நாட்டுப் பக்கத்துக் கடையில் போய் வாங்கி வந்திருப்பான். நம்முடைய பக்கத்தில் கிடைக்காமல் இல்லை; அக்கரைச் சரக்குக்கு ருசி கூடுதல் என்பது அவன் கட்சி. திரும்பும்போது பாட்டிலை மீன் கூடையின் அடியில் போட்டு மேலே நாலு நாறிய சாளையைப் பரப்பிக்கொள்வான். செக்போஸ்டில் எந்தப் போலீஸ்காரனும் அதில் கைவிட்டதில்லை. ஆனால் நாங்கள் குடித்த பீர் எல்லாம் கொஞ்சம் சாளை மணம் அடித்தது. சூடாகவும் இருக்கும். இன்றைக்கு நினைத்தால் அது நல்ல பீரே அல்ல.

அந்தப் பாட்டில் எங்களுக்குள் போவதற்கு ஒரு முறை உண்டு. வள்ளத்தில் எந்த வரிசையில் உட்காருகிறோமோ அந்த வரிசையில்தான் கைமாறும். வயதுக்கும் பணத்துக்கும் அதில் இடம் கிடையாது. அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொள்ள வேண்டும். இந்த அண்ணாந்து குடிக்கிற வழக்கம் எங்கள் வள்ளத்தில் தொடங்கியதற்குக் காரணம் சிலுவை அண்ணன். அவருக்கு ஒரு காலத்தில் காசநோய் வந்து, மருந்து தின்று, உடம்பு தேறிக் கடலுக்குத் திரும்பினார். அன்றைக்குப் பாட்டில் தன்னிடம் வந்தபோது, "எனக்கு வேண்டாம், நீங்க குடியுங்க" என்று கையை மடக்கிக்கொண்டார். லாரன்ஸ் அண்ணன் விடவில்லை. நீட்டிய பாட்டிலைத் திரும்ப எடுத்து, அண்ணாந்து ஒரு மடக்கு ஊற்றிக் காட்டி, "இன்னா, இப்பிடிக் குடி. இனிமே எல்லாரும் இப்பிடித்தான் ஆக்கும்" என்றார். யாரையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம் அது. அன்று முதல் எங்களில் ஒருவனும் வாய் வைத்துக் குடித்ததில்லை. ஊற்றும்போது நுரை மூக்கில் ஏறித் தும்முகிறவனை மற்ற ஐந்து பேரும் நாள் முழுக்கக் கிண்டலடிப்போம்.

என் மனைவி ரோஸி நர்ஸ். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. அவள் வாலைப் பிடித்துக்கொண்டு நானும் வந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. எங்கள் கரையிலிருந்து வந்த ஆண்களில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான். கிளம்புகிற அன்று லாரன்ஸ் அண்ணனிடம் ஒன்றுதான் கேட்டேன். "எனக்க இடத்த யாருக்கும் குடுத்திராதீங்க அண்ணே. ரெண்டு வருசத்துல வாறேன்." ரெண்டு வருடம் நாலாயிற்று, நாலுக்கு மேலும் ஆயிற்று. முக்கில் உள்ள எஸ்.டி.டி. பூத்துக்கு அவரை வரச் சொல்லிவிட்டு இங்கிருந்து கூப்பிடுவேன். பிள்ளைகள், அம்மா, மழை, எல்லாம் பேசி முடித்து, வைக்கப் போகிற நேரத்தில், "எனக்க இடம்?" என்பேன். "உண்டு மக்கா, அங்கதான் உண்டு. நீ கெடந்து வெப்ராளப்படாத" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் போனை வைப்பேன். ரோஸி பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொள்வாள். "இங்க வீடு வாங்கியாச்சு, காரு வாங்கியாச்சு, இந்த மனுசனுக்கு ஒரு பலகையில இடம் வேணுமாம்!" அவளுக்கு என்ன தெரியும்? இங்கே மலையாளிகள் கூட்டத்துக்குப் போனால் என் பேச்சைக் கேட்டு "தமிழனாணோ?" என்கிறார்கள். தமிழ்ச் சங்கத்துக்குப் போனால் "சார் மலையாளியா?" என்று கேட்டுவிட்டு எனக்காக மெதுவாகப் பேசுகிறார்கள். உலகத்தில் எனக்கென்று அளந்து வைத்த இடம் அந்த மூன்றாவது பலகை ஒன்றுதான் என்று நான் நம்பியிருந்தேன்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. அங்கே இயந்திரம் பழுது பார்க்கிற டேல் என்பவர், நான் மீன்பிடிக்காரன் என்று தெரிந்ததும் கால்வெஸ்டன் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். கடலுக்குள் நீளும் மரப்பாலத்தில் ஒவ்வொருவனும் தனித்தனியாக ஒரு தூண்டில், ஒரு நாற்காலி, ஒரு ஐஸ் பெட்டி. டேலுக்கு முழங்கை நீளத்தில் ஒரு மீன் விழுந்தது. எடுத்து, அளவுகோலில் வைத்துப் பார்த்து, ஒரு முத்தம் கொடுத்து, திரும்பக் கடலில் போட்டுவிட்டார். அடப்பாவி மனுஷா என்று தமிழிலேயே கத்திவிட்டேன். வாழ்த்துகிறேன் என்று நினைத்து அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதன் பிறகு பீர் வந்தது. எனக்கு ஒரு பாட்டிலைத் திறந்து கொடுத்தார். நான் அண்ணாந்து ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டு, முறைப்படி அதை அவரிடம் நீட்டினேன். அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிடிக்கவில்லையா? பரவாயில்லை" என்று சொல்லி அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு வேறு ஒன்றைத் திறந்து கொடுத்தார். கழுத்தில் எலுமிச்சைத் துண்டு செருகிய மெக்சிகோ பீர். நல்லதாகத்தான் இருந்தது. ஒரு மடக்கு குடித்துவிட்டு நீட்டினேன். மனிதர் கவலையோடு பெட்டிக்குள் தலையை விட்டுத் தேடி, கறுப்பாக, கஷாயம் மாதிரி ஒன்றை எடுத்தார். அதையும் நீட்டினால் அடுத்தது எது வருமோ என்ற பயத்தில் "இது நல்லாருக்கு, இதுதான்" என்று சொல்லி முழுவதையும் குடித்தேன். டேல் முகத்தில் என்ன நிம்மதி! அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் எனக்கென்று தேடிப் போய் அந்தக் கறுப்புக் கஷாயத்தை வாங்கி வருகிறார். "ஜெர்ரியின் பீர்" என்று மற்றவர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறார். நான் ஜெறோம். அதையும் அவர் இப்படித்தான் மாற்றிக்கொண்டார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன்.

அண்ணாந்து குடிப்பதைப் பாலத்தில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் தானும் செய்து பார்த்துச் சட்டையை நனைத்துக்கொண்டான். அதற்கு எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. இங்கே யாரோடும் பகிர்வதற்கில்லாத பாட்டிலை எதற்காக உதட்டில் படாமல் குடிக்க வேண்டும்? வாய் வைத்துக் குடிக்கப் பழகினேன். பொன்னிற லாகர் வெயிலுக்கு நல்லது, லைட் பீர் என்பது பாட்டில் கழுவிய தண்ணீர், மெக்சிகோக்காரன் பீரில் பொரித்த மீன் இறங்கும் என்று இப்போது நானே நாலு பேருக்குச் சொல்லிக் கொடுப்பேன். ஆனால் ஒரு பாட்டில் முடிகிறவரை ஒரே இடத்தில் என்னால் உட்கார முடியாது. எழுந்து பாலத்தின் நுனிக்குப் போவேன், திரும்பி வருவேன், மறுபடி போவேன். "ஜெர்ரி, உட்காரேன்" என்பார் டேல். நாற்காலி இருக்கிறது, உட்கார மனம் வேண்டாமா?

கடைசியில், மூன்று வாரம் லீவு எடுத்து ஊருக்குப் போனேன். விமானத்தில் எனக்கு வேறு நினைவே இல்லை. பாட்டில் மூன்றாவதாக என்னிடம் வருமா? வந்தால் என் இடம் இருக்கிறது. வராவிட்டால் இல்லை. போனில் சொல்வதை நம்ப முடியாது. போனில் எல்லாரும் நல்லவர்கள்.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் விடியும் முன்னே, வெள்ளாப்பில், அண்ணனோடு கடலுக்குப் போனேன். மூன்றாவது பலகையில் இப்போது உட்காருகிறவன் கிளீட்டஸின் மச்சான் பெலிக்ஸ். என்னைக் கண்டதும் அவன் எழுந்து முன்பக்கம், அணியத்துக்குப் போனான். அண்ணன் கண்ணைக் காட்டினார். உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, உப்புத் தண்ணீர் தெறித்தது மாதிரித் துடைத்துக்கொண்டேன். வலை இழுத்ததில் உள்ளங்கை இரண்டும் கொப்புளித்தன. "சோப்புப் போட்டுக் களுவுன கையாக்கும்" என்று கிளீட்டஸ் சிரித்தான். என்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்பதே சந்தோஷமாக இருந்தது. சூரையும் வாளையும் நிறையக் கிடைத்தன, நடுவில் ஒரு பெரிய நெய்மீனும். கரையேறி விற்றதுபோக, வீட்டுக்கறிக்கான மீனை ஒதுக்கிவிட்டு நிழலுக்கு வந்தோம். குடிக்க நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "வள்ளத்துக்க பாட்டிலு வள்ளத்துக்க கணக்காக்கும்" என்று அண்ணன் தடுத்துவிட்டார். அதுவும் எனக்குப் பிடித்தது. விருந்தாளியிடம் அப்படிப் பேச மாட்டார்கள் அல்லவா.

பாட்டிலைத் திறந்தார்கள். லாரன்ஸ் அண்ணன் ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டு சிலுவை அண்ணனிடம் கொடுத்தார். சிலுவை அண்ணன் நரைத்த தாடியைத் தூக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், யோசிக்காமல், பக்கத்தில் இருந்த என்னிடம் நீட்டினார். ஆண்டவரே! இத்தனை வருடமும் இதற்காகத்தானே காத்திருந்தேன். இரண்டு கையாலும் வாங்கினேன். கண்ணை மூடினேன். தொண்டை வறண்டு கிடந்தது. சூடான, நுரைத்த, அதே சாளை மணம் அடிக்கிற பீர். மூன்று மடக்கு ஆசை தீர இறக்கிவிட்டுக் கண்ணைத் திறந்தால், பாட்டில் வாங்க நீட்டிய கிளீட்டஸின் கை பாதியில் நின்றிருந்தது. எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டிலின் வாய் இன்னும் என் உதட்டில் இருந்தது.

"இன்னா கிளீட்டஸ்" என்று துடைத்து நீட்டினேன். துடைத்தால் போகிற காரியமா? அவன் அண்ணனைப் பார்த்தான். சிலுவை அண்ணன் குனிந்து மணலைக் கிளறினார். லாரன்ஸ் அண்ணன்தான் பேசினார். கோபம் ஒரு துளி இல்லை. "நீ குடி மக்கா. அது முளுக்க உனக்காக்கும்." கிளீட்டஸும் சிரித்துக்கொண்டே, "அமெரிக்காக்காரன் குடிக்கட்டும்லே, நமக்கு வேற ஒண்ணு உண்டு" என்றான். அடுத்த பாட்டிலைத் திறந்தார்கள். அமரத்திலிருந்து மறுபடி தொடங்கியது. லாரன்ஸ் அண்ணன், சிலுவை அண்ணன். பிறகு அந்தப் பாட்டில் என் மடிக்கு மேலே கடந்து கிளீட்டஸிடம் போனது. யாராவது என்னை இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். அவர்கள் ஹூஸ்டனில் குளிர் எப்படி என்று கேட்டார்கள். பனி பெய்யுமா என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லிக்கொண்டே என் பாட்டிலைக் குடித்து முடித்தேன்.

குடித்து முடித்த பிறகு, வீட்டுக்கறிக்கு ஒதுக்கிய மீனை மணலில் ஆறு கூறாகப் பங்கு வைத்தார்கள். ஒருவர் மீனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்கிறவர் ஒரு பெயரை விளிப்பார். அந்தக் கூறு அவனுக்கு. பெரிசோ சிறிசோ, அவனவன் அதிர்ஷ்டம். பங்கு வைக்கும் முன்பே அண்ணன் அந்த நெய்மீனைத் தனியே எடுத்து, செவுளில் ஓலையைக் கோத்து, என் கையில் தந்தார். "அண்ணே, எனக்கும் பேரு விளியுங்க. எந்தக் கூறு விளுந்தாலும் போதும்" என்றேன். "நீ என்னத்துக்குலே கூறு பாக்கிய? இருக்கதுல நல்லதத்தான் தந்திருக்கேன், கொண்டு போ மக்கா" என்றார். சிலுவை அண்ணன் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார். கிளீட்டஸ் முதல் கூறைத் தொட்டான். "லாரன்ஸ்" என்றார் சிலுவை அண்ணன். இரண்டாவதைத் தொட்டான். "கிளீட்டஸ்" என்றார். நான் போகாமல் நின்றேன். ஒவ்வொரு கூறுக்கும் அவர் வாயைத் திறக்கும்போது நான் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி "உண்டு" சொல்லத் தயாராக நின்றேன். கடைசிக் கூறு பெலிக்ஸுக்கு விழுந்தது. அவன் குனிந்து நாலு சின்னச் சூரையை அள்ளி முண்டின் மடியில் கட்டிக்கொண்டான். அன்றைக்குக் கிடைத்ததிலேயே பெரிய மீன் என் கையில்தான் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், "அம்மாடி, யாரு குடுத்தது இது?" என்று பெண்கள் கேட்டார்கள். எங்கள் வள்ளக்காரர்கள் கொடுத்தார்கள் என்று சொன்னேன்.