பட்டாளம் பிடித்தவனுக்கு ஒரு பூசை

இனயத்தில் எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்குச் செபமாலை. உலகம் அழிவதாக இருந்தாலும் ஏழரைக்கு மேல் வரச் சொல்லுவாள் அம்மா.

அன்றைக்கு ஒரு ஸ்பானிஷ் படத்தைப் போட்டது நான்தான். ராணுவ ஆட்சியில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தின் கதை. கீழே ஓடும் ஆங்கிலத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வரவேண்டும். அதிலும் அம்மாவுக்குத் திருப்தி இல்லை.

"அவ இம்புட்டு நேரம் பேசினா, நீ ரெண்டு வார்த்த சொல்லுத. மிச்சத்த எங்க விழுங்கின?"

பட்டாளம் கதவை உடைத்து, வாத்தியாரான அப்பனை லாரியில் ஏற்றிய இடத்தில் மணி ஏழு. டிவி அணைந்தது. செபத்தின் முடிவில் கடலுக்குப் போனவர்கள், வளைகுடாவில் இருப்பவர்கள் என்று வழக்கமாக வேண்டிவிட்டு, அம்மா அந்த மனுஷனையும் சேர்த்துக்கொண்டாள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

மீதிப் படத்தில் அவன் வரவே இல்லை. மனைவி வாசலைப் பார்த்தபடி நிற்க, படம் முடிந்தே போனது.

"கொன்னு தள்ளியிருப்பானுவ" என்றார் அப்பா.

"ஒடம்பக் கண்டீரா நீரு?" அம்மா எகிறினாள். "ஒடம்பு காணாம செத்தாண்ணு சொல்ல ஒமக்கு எவன் அதிகாரம் தந்தான்?"

இது படச் சண்டை இல்லை என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அம்மாவின் அண்ணன் புயலில் வள்ளத்தோடு போனவர். உடல் கிடைக்கவில்லை. செத்தவர்களுக்கு வைக்கிற ஆன்ம இளைப்பாற்றிப் பூசையை வைத்துவிடலாம் என்று அப்பா வருஷா வருஷம் சொல்லுவார். வைத்தால் அண்ணனைத் தானே கொன்றதாகிவிடும் என்பாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பங்குச் சாமியார் யார் யாருக்காகப் பூசை என்று வாசித்தார். திடீரென்று ஒரு ஸ்பானிஷ் பெயர். இரண்டு தடவை தடுக்கி விழுந்து எழுந்து, "நலமாக வீடு திரும்ப" என்று முடித்தார். ஒப்புக்கொடுப்பது எங்கள் குடும்பமாம்! எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எங்கள் ஊரில் ஒருத்தன் திரும்பவில்லை என்றால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். கோயில் வாசலிலேயே அப்பாவை வளைத்துக்கொண்டார்கள். ஒருவர் துறைமுகத்துக்குக் கூப்பிடப் போனையே எடுத்துவிட்டார்.

"உங்க ஆளா? எந்த வள்ளம்?"

சினிமாக்காரன் என்று அப்பா போட்டு உடைப்பார், அம்மாவின் மானம் கப்பலேறும் என்று நான் நகத்தைக் கடித்தேன். அப்பா தொண்டையைச் செருமினார். அம்மாவைப் பார்த்தார்.

"வள்ளமில்ல மக்கா, பட்டாளம் பிடிச்சிட்டுப் போச்சி. நம்ம சொந்தக்காரந்தான். இன்னும் வந்து சேரல்ல."

அன்று மத்தியானம் மீன்தலை அப்பாவின் தட்டில் விழுந்தது. படம் போட்ட எனக்கு வால்தான்.

இளைப்பாற்றிப் பூசை என்ற பேச்சை அப்பா அப்புறம் எடுக்கவில்லை. இப்போதெல்லாம் ஏழு மணிச் செபத்தில் கடலுக்குப் போனவர்களோடு மாமாவின் பெயரை அவரே சொல்லுகிறார். கூடவே அந்த வாத்தியாரின் பெயரையும், சாமியாரைவிட மோசமாக.