மாப்பிள்ளை போகும் வீடு

இலங்கை நிந்தவூர் இன்ஷாப்பைக் குழப்புவதற்குத் துருக்கி தேசம் பெரிதாகப் பாடுபடவில்லை. போய் இறங்கிய முதல் கிழமையே அவன் குழம்பிவிட்டான். கொன்யா நகரத்தில் விவசாயப் பொறியியல் படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்தபோது ஊரில் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். முஸ்லிம் நாடு, நம்மட மாதிரித்தான் இரிக்கும், பயப்பட ஒண்டுமில்ல என்றார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூடத் துருக்கிக்குப் போனவரில்லை.

விரிவுரையாளர் "விளங்கியதா?" என்று கேட்டால் இன்ஷாப் நம்மூர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டுவான். ஓம், நன்றாக விளங்கிற்று என்று அர்த்தம். அவரோ பாவம், பையனுக்கு ஒன்றும் ஏறவில்லை என்று நினைத்து முதலிலிருந்து தொடங்குவார். ஒரே பாடத்தை மூன்று தடவை கேட்ட கடுப்பில் வகுப்பே அவனைத் திரும்பிப் பார்க்கும். யாராவது வீட்டுக்கு அழைத்தால் தேநீர்க் கோப்பை காலியாகக் காலியாக நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் சின்னக் கரண்டியைக் கோப்பையின் மேல் குறுக்காக வைத்துவிட வேண்டும். அதை அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கொடுத்ததை மறுப்பது மரியாதையில்லை என்று ஒரு நாள் பதினொரு கோப்பை குடித்துவிட்டு வந்தான்.

இவையெல்லாம் சில்லறைக் குழப்பங்கள். பெரிய குழப்பம் மூன்றாம் வருடத்தில் வந்தது. அதன் பெயர் புஷ்ரா.

புஷ்ரா அவனுடைய வகுப்பில் படித்தவள். அவன் தலையாட்டுவது மறுப்பு இல்லை, சம்மதம் என்பதை முதலில் கண்டுபிடித்து விரிவுரையாளருக்குச் சொன்னவளும் அவள்தான். அந்த நன்றி கொஞ்சம் கொஞ்சமாக வேறு விதமாக வளர்ந்தது. மறைத்து வைத்துச் சுற்றித் திரிகிற ஆட்கள் இல்லை இருவரும். அவள் தன் வீட்டில் சொன்னாள், இவன் தொலைபேசியில் உம்மாவிடம் சொன்னான். பெயரைக் கேட்டதுமே உம்மாவின் மனம் பாதி இளகிவிட்டது. நம்மட பேர்தானே என்றார். அந்தப் பக்கமும் மறுப்பு இல்லை.

பிறகு எட்டு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை.

உம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்பார்.

"அவங்கட ஆக்கள் எப்ப வந்து கதைக்கப் போறாங்க மகன்?"

"வருவாங்க உம்மா. பொறுங்க."

இன்ஷாப்பும் பொறுத்துத்தான் இருந்தான். பெண் வீட்டார் நாலு பேராக வந்து, மாப்பிள்ளை கேட்டு, வீடு வாசல் எல்லாம் பேசுவார்கள் என்று நம்பியிருந்தான். நம்மூரில் அதுதான் முறை. மாப்பிள்ளை வீட்டார் தாங்களாகக் கிளம்பிப் போனால் ஊர் வாயை மூட முடியாது. ஆனால் நாளாக நாளாக புஷ்ராவின் முகம் ஏன் சுருங்கிக்கொண்டே போகிறது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடத்தில் அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"உன் வீட்டார் என்னை விரும்பவில்லை என்றால் சொல்லிவிடு. எட்டு மாதமாக ஏன் பெண் கேட்டு வரவில்லை?"

"நாங்களா? நீங்கள்தானே வரவேண்டும்?"

புஷ்ரா அழுவதற்கு ஆயத்தமாக இருந்தவள், அழ மறந்துபோனாள். ஒரு பெண்ணின் தகப்பன் வீடு தேடிப்போய், என் மகளைக் கட்டிக்கொள் என்று கேட்பாரா என்றாள். ஓம், அப்படித்தான் கேட்பார், என் வாப்பாவையும் அப்படித்தான் கேட்டு வந்தார்கள் என்றான் இன்ஷாப்.

முறை யாருடையதாயினும் பெண்ணை இழக்க அவன் தயாரில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூங்கொத்தும் சொக்லட் பெட்டியுமாகப் புறப்பட்டான். பெரியவர் ஒருவர் கூட வரவேண்டுமே. அங்கே கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த, பக்கத்தூரான சம்மாந்துறை ஸாஜித்தைக் கூட்டிக்கொண்டான். ஸாஜித்துக்கு முப்பத்தொரு வயது. முன்வழுக்கை விழுந்திருந்ததால் பெரியவர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

புஷ்ராவின் தகப்பன் நெஜாத்தி லொறி டயர் விற்கிறவர். அகன்ற தோள், குறைந்த பேச்சு. புஷ்ரா ஒரே பிள்ளை. அன்றைக்கு அவர் கண்கள் சிவந்திருந்தன. படிப்பைப் பற்றிக் கேட்டார், வாப்பாவின் வயலைப் பற்றிக் கேட்டார். எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"வீடு எப்படி, மகனே?"

இன்ஷாப்புக்கு உள்ளம் குளிர்ந்தது. அப்பாடா, கடைசியில் இவர்களும் நம்மைப்போல் முறையாகப் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்தான்.

"அது உங்கள் விருப்பம். நீங்கள் எதைத் தந்தாலும் எனக்குச் சம்மதம்," என்றான் மிகுந்த அடக்கத்தோடு.

தட்டுடன் வந்த புஷ்ராவின் தாய் வாசலிலேயே நின்றுவிட்டார். ஸாஜித் இன்ஷாப்பின் காலை மிதித்தான். மிதித்தும் அவனுக்கு விளங்கவில்லை. நெஜாத்தி, தன் காதில் விழுந்தது சரியா என்பதுபோல மகளைப் பார்த்தார். மகள் சுவரைப் பார்த்தாள்.

"நான் தருவதா? நீ அல்லவா என் மகளுக்கு வீடு காட்ட வேண்டும்?"

இன்ஷாப்புக்கு வியர்த்தது. காட்டுவதற்கு அவனிடம் வீடே கிடையாது. இருபத்தாறு வருடமாக அதைப்பற்றி அவன் யோசித்ததுமில்லை. பிறந்து வளர்ந்த வீடு உம்மாவுடையது, அதைத் தங்கச்சி ஹப்ஸாவின் பெயருக்கு எழுதியாயிற்று. ஆண்பிள்ளைக்கு வீடு என்றால் கட்டப்போகிற பெண்ணின் வீடுதான். இந்த அறையில் அதைச் சொன்னால் பிச்சைக்காரன் கதைபோலத்தான் கேட்கும். ஆனாலும் எங்கள் முறை இது, இதில் கேவலம் ஒன்றுமில்லை என்று ஒரு ரோஷம் வந்தது. தெரிந்த துருக்கி மொழியையெல்லாம் திரட்டிச் சொன்னான். எங்கள் ஊரில் வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். அவளைத் தாய் வீட்டை விட்டு யாரும் கூட்டிக்கொண்டு போவதில்லை. மாப்பிள்ளைதான் அங்கே போவான்.

நெஜாத்தி ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பெண் போவதில்லையா?"

"இல்லை."

"அவன்தான் வருவானா? எத்தனை வருடத்துக்கு?"

"எப்போதைக்கும்தான்," என்றான் இன்ஷாப், மாட்டிக்கொள்வது தெரியாமல்.

டயர்க்காரரின் முகம் மாறியது. எழுந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்று ஸாஜித் அரை அடி நகர்ந்துகொண்டான். அவரோ இன்ஷாப்பின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். ஒரே மகளை ஏதோ தீவுக்குக் கொண்டுபோய்விடுவான் என்று ஒரு மாதமாகத் தூக்கமில்லை என்றார். மேல் மாடி வெறுமையாகத்தான் கிடக்கிறது, நாளைக்கே வெள்ளையடிக்கலாம், மகள் பெயருக்கே எழுதலாம் என்றார். வாசலில் நின்ற தாய் தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில்லாத குறைக்கு முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது இன்ஷாப் கணக்குப் பார்த்தான். கேட்டதெல்லாம் கிடைத்திருந்தது. பெண், வீடு, மரியாதை, எல்லாம். எப்போதைக்கும் என்று சொன்னதுதான் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

"ஒன்ட வாயாலதான் சொன்ன, மச்சான்," என்றான் ஸாஜித். "நம்மட முறப்படிதான் எல்லாம் நடந்திரிக்கி. ஆரையும் குத்தம் சொல்ல ஏலா."

உம்மா தொலைபேசியை முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்ன மகன், ஊடு குடுக்காங்களாமா?"

"ஓம் உம்மா. மேல்மாடி. அவட பேருக்கு எழுதுறாங்களாம்."

"அல்ஹம்துலில்லாஹ். மரியாதயான ஆக்கள்தான்." பக்கத்தில் நின்ற தங்கச்சி ஹப்ஸாவிடம், ஒங்கட காக்காக்கு மாடி ஊடாம் புள்ள என்று சொல்வது கேட்டது. பிறகு உம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "மாடி எங்க மகன்? கொன்யாவிலயா?"

"ஓம்."

அந்தப் பக்கம் உழவு இயந்திரம் ஒன்று தெருவால் போவது மட்டும் கேட்டது. வேண்டாம் என்று சொல்லுங்கள் உம்மா, நான் விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் இன்ஷாப் வாயைத் திறந்தான். சொன்னால் புஷ்ரா இல்லை. சொல்லாவிட்டால் என்ன இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். அதற்குள் உம்மா முந்திக்கொண்டார்.

"ஆம்புளப் புள்ளயப் பெத்தா ஒரு ஊட்டுக்குக் குடுக்கத்தான் வேணும்," என்றார் உம்மா. "ஒங்கட வாப்பாவ அவர்ர உம்மா எனக்குத் தந்தாங்க. ரெண்டு றோட்டு அங்கால. அஸர் தொழுதுட்டு நடந்து வந்து மகனப் பாத்துட்டுப் போவாங்க. நானும் அப்பிடித்தான் நெனச்சிருந்தன்."

"உம்மா..."

"இல்ல மகன், நான் ஒண்டும் சொல்லல்ல. ஓமெண்டு சொல்லிட்டீங்கதானே. அந்தப் புள்ளட உம்மாட நம்பரத் தாங்க. மகனக் குடுக்கிறவ கதைக்காம இரிக்க ஏலுமா?"

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதே. என்னத்தக் கதைப்பீங்க?"

"பகல் சோத்துக்குத் தயிரு இல்லாட்டி நீங்க எழும்பிருவீங்க. அத ஆராவது அவக்குச் சொல்லோணுமே."

இன்ஷாப் நம்பரை அனுப்பினான்.